பாசியின் சத்தும் பசியின் அளவும்

கோவில் குளத்தில் இறங்குகிறவன் மேலே மிதக்கும் பாசியை முதலில் புறங்கையால் விலக்கிவிட்டுத்தான் பிறகு தண்ணீரை அள்ளுவான். படியில் வழுக்கி விழுந்தவனுடைய வசவும், தொட்டி கழுவுகிறவர்களின் முணுமுணுப்பும், கிணற்றுக்குத் தூர் எடுக்கும் காலத்தில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் எச்சரிக்கையும் சேர்ந்து, நம் வழக்கில் பாசி என்றாலே அசுத்தம் என்ற ஒரு பாவத்தை நிலைநிறுத்தி விட்டன. அப்படிப்பட்ட ஜாதியைச் சேர்ந்த ஒன்று இன்று கரும்பச்சைப் பொடியாகவும் மாத்திரையாகவும் சீசாவில் அடைபட்டு, மருந்துக் கடையின் கண்ணாடி அலமாரியில் உயர்ந்த ஸ்தானம் பெற்று, இரத்த சோகை முதல் நீரிழிவு வரை அனைத்துக்கும் பரிகாரம் என்ற விளம்பரத்துடன் விற்பனையாகிறது. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அதை மருந்தென்றும், மீதிப்பேர் ஆகாரமென்றும் நினைத்துக்கொண்டு விழுங்குகிறார்கள். இரண்டில் எது சரி, எவ்வளவு சரி என்பதை, கிடைத்திருக்கும் பிரமாணங்களை வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்பது அவசியம்.

நம் நாட்டு வளர்ப்பாளர்கள் சுருள்பாசி என்று பெயரிட்டு அழைக்கும் இந்த ஸ்பைருலினா, கண்டிப்பான சாஸ்திர முறையில் பாசியே அன்று. சூரிய ஒளியைக் கொண்டு தன் ஆகாரத்தைத் தானே சமைத்துக்கொள்ளும் நீலப்பச்சை பாக்டீரியா வகுப்பைச் சேர்ந்தது. நுண்ணோக்கியின் கீழே வைத்தால் சுருள்வில்லைப் போல் முறுக்கிக்கொண்டு கிடக்கும் நுண்ணிய இழை; பெயரும் அந்த உருவத்தால் வந்ததுதான். தாவர நூலார் அதை ஆர்த்ரோஸ்பைரா என்ற குலத்துக்கு மாற்றி நெடுங்காலம் ஆகியும், வியாபார உலகம் பழைய பெயரை விடவில்லை. இதன் விசேஷ குணம் ஒன்று உண்டு. காரத்தன்மையை அளக்கும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை என்றால், இதற்குப் பிரியமான நீர் 9 முதல் 11 வரை உள்ள உவர்நீர். மற்ற ஜீவராசிகளில் பெரும்பாலானவை பிழைக்க முடியாத அந்த நீரில் இது கலப்பில்லாமல் தனியரசு செய்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் நகுரு, நேட்ரான் முதலிய சோடா ஏரிகளில் லட்சக்கணக்கில் கூடும் சிறு பூநாரைகளுக்குப் பிரதான உணவு இதுவே. அந்தப் பறவைகளின் இளஞ்சிவப்பு நிறம், உண்ட பாசியிலுள்ள கரோட்டின் வகை நிறமிகள் இறகில் ஏறியதால் வருவது.

மனிதன் இதை உண்ணத் தொடங்கியது விஞ்ஞானிகளைக் கேட்டுக்கொண்டு அல்ல. 16ஆம் நூற்றாண்டில் மெக்ஸிகோவுக்குள் நுழைந்த ஸ்பானியர்கள், டெஸ்கோகோ ஏரியின் நடுவே எழுந்திருந்த அஸ்டெக் தலைநகரத்தின் சந்தையில், ஏரியிலிருந்து மெல்லிய வலையால் அரித்தெடுத்து வெயிலில் உலர்த்திய ஒருவகை அடைகள் விற்கப்படுவதைக் கண்டார்கள். கோர்ட்டேஸின் படையில் வந்த பெர்னால் டியாஸ் என்ற வீரர் அதன் சுவை பாலாடைக்கட்டியை ஒத்தது என்று எழுதி வைத்தார். பாதிரியார் சஹகுன் அதன் பெயரையும், எடுக்கும் முறையையும் குறித்துவைத்தார். டெக்விட்லாட்ல் என்று அந்த மக்கள் அழைத்த அந்தப் பொருள், 1521இல் ராஜ்யம் வீழ்ந்து, பின் வந்தவர்கள் ஏரியையே வடித்துத் தரையாக்கிய காலத்தில், உண்பவர் இல்லாமல் மறைந்தது.

ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக் கரையிலோ வழக்கம் அறுபடவில்லை. அங்குள்ள கானெம்பு இனத்துப் பெண்கள், மணற்குன்றுகளுக்கு இடையே தேங்கும் உவர்க்குட்டைகளில் பச்சைப் படலம் திரளும் விடியற்காலத்தில் இறங்கிக் கலயங்களில் அள்ளி, மணலில் குழித்த வட்டத்தில் ஊற்றி, நீர் மணலுக்குள் இறங்கியபின் மேலே நிற்கும் பச்சை அடையை விரலால் கோடிட்டுச் சதுரங்களாக உடைத்து உலர்த்துகிறார்கள். திஹே என்பது அதன் பெயர். 1940இல், அப்பகுதியில் பிரெஞ்சுப் படையுடன் இருந்த ஒரு மருந்தாளர் அனுப்பிய மாதிரியைப் பரிசோதித்த பியர் டாஞ்சார் என்ற தாவர நூலார், மனிதர் உண்ணும் நீலப்பாசி இது என்று ஒரு குறிப்பு வெளியிட்டார். உலக யுத்தத்தின் ஆரவாரத்தில் அதை யார் படிப்பார்கள்? கால் நூற்றாண்டுக்குப் பின், 1964-65இல் சகாராவைக் கடந்த பெல்ஜிய ஆராய்ச்சிக் குழுவில் இருந்த ஜான் லெயோனார் அதே அடைகளைச் சந்தையில் கண்டு, ஏரிகளையும் தேடிச் சென்று பார்த்து எழுதியபோதுதான் காது கொடுக்க உலகம் தயாராக இருந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. 1960களில் போஷாக்கு சாஸ்திரத்தை ஆட்டிப் படைத்த ஒரே பயம், உலகின் ஏழை நாடுகளில் புரதப் பற்றாக்குறை என்ற பெரும் பள்ளம் விழுந்திருக்கிறது என்பதே. பெட்ரோலியத்தின் மேல் ஈஸ்டை வளர்த்தும், இலைகளைப் பிழிந்தும், மீனை மாவாக்கியும் புரதம் தேடிக்கொண்டிருந்த அறிஞர்களுக்கு, உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதமாகவே இருக்கும் ஒரு ஜீவன் கிடைத்ததும் அது வரப்பிரசாதமாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. மெக்ஸிகோவில், அதே பழைய டெஸ்கோகோ ஏரிப்படுகையில் சோடா தயாரித்துக்கொண்டிருந்த தொழிற்சாலையின் பாத்திகளில் வேண்டாத களையாக வளர்ந்த சுருள்பாசியையே அள்ளி உலர்த்தி விற்கும் தொழில், பிரெஞ்சுப் பெட்ரோலிய ஆராய்ச்சிக்கூடத்தின் உதவியோடு எழுந்தது. நானூறு வருஷங்களுக்கு முன் சந்தையில் விற்ற பொருள் அதே மண்ணில் மறுபிறவி எடுத்தது. ஆனால் அந்தக் கதையைத் தொழிற்சாலைக்காரர்கள் பிறகுதான் தெரிந்துகொண்டு விளம்பரத்தில் சேர்த்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

புரதப் பள்ளம் என்ற அந்தச் சித்தாந்தமோ நீண்ட நாள் நிற்கவில்லை. சேலத்தில் பிறந்து, ஹைதராபாத்தின் தேசிய போஷாக்கு நிறுவனத்துக்குத் தலைமை வகித்த டாக்டர் சி. கோபாலனும், புள்ளிவிவர மேதை பி. வி. சுகாத்மேயும், நம் குழந்தைகள் உண்ணும் சோறும் பருப்பும் வயிறு நிறையக் கிடைத்தால் புரதம் தானே போதுமான அளவுக்கு வந்துவிடும் என்றும், குறைவது உணவின் மொத்த அளவு, அதாவது கலோரி என்றும் எடுத்துக்காட்டினார்கள். 1974இல் டொனால்ட் மக்லாரன் என்ற வைத்தியர் லான்ஸெட் சஞ்சிகையில் இந்தப் புரத வேட்டையையே ஒரு மகா படுதோல்வி என்று பெயரிட்டு எழுதினார். சுருள்பாசியின் புகழ் எந்த அஸ்திவாரத்தின் மேல் எழுப்பப்பட்டதோ அது இவ்விதம் சரிந்துவிட்டது; புகழ் மட்டும் கீழே இறங்கவில்லை. இன்றும் சீசாவின் முகப்பில் முதலில் அச்சாகும் வாக்கியம், அறுபது சதவீதம் புரதம் என்பதுதான்.

அந்த வாக்கியம் பொய்யல்ல. அமெரிக்க விவசாய இலாகாவின் அட்டவணைப்படி உலர்ந்த சுருள்பாசி 100 கிராமில் புரதம் 57 கிராமுக்குச் சற்று மேல், கொழுப்பு ஏறக்குறைய 8 கிராம், இரும்பு 28 மில்லிகிராமுக்கு மேல், சக்தி 290 கலோரி. செடிகளின் செல்லைச் சுற்றியிருக்கும் செல்லுலோஸ் சுவர் இதற்கு இல்லாமையால் சுலபமாகவும் ஜீரணமாகிறது. புரதத்தின் தரமும் தாழ்ந்ததன்று. முட்டையையும் பாலையும் நோக்க மெதியோனின், லைசின் முதலிய அமிலங்கள் சற்றுக் குறைவு என்பதைத் தவிர வேறு குறை சொல்வதற்கில்லை. ஆனால் இவை நூறு கிராமுக்குச் சொன்ன கணக்கு. சுருள்பாசியை நூறு கிராம் அள்ளிச் சாப்பிடுகிறவர் யார்? மாத்திரையாக எடுக்கிறவர் நாளைக்கு உட்கொள்வது ஒரு கிராமிலிருந்து மூன்று கிராம். அந்த மூன்று கிராமில் உள்ள புரதம் ஒன்றே முக்கால் கிராமுக்கும் குறைவு. ஒரு கோழிமுட்டையில் ஆறு கிராம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் துவரம்பருப்பில் ஆறரை கிராம். ஒரு தம்ளர் பாலிலும் அதே அளவு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய புரதம் ஐம்பது கிராம் என்று வைத்துக்கொண்டால், மூன்று கிராம் பாசி தருவது அதில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். இரும்பின் கதையும் இதுவே. மூன்று கிராமில் கிடைப்பது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு, நம் நாட்டுப் பெண்ணுக்குச் சிபாரிசு செய்யப்படும் தினசரி அளவோ 29 மில்லிகிராம். வீதத்தில் யானையாக நிற்பது கரண்டியில் எறும்பாகி விடுகிறது என்ற இந்த ஒரு சங்கதியை மறந்ததனாலேயே இந்தப் பொருளைப் பற்றிய பேச்சில் பாதி வழிதவறிப் போயிற்று என்று நான் கருதுகிறேன்.

ஒரு கிலோ சுருள்பாசி ஆயிரம் கிலோ காய்கறிக்கும் பழத்துக்கும் சமானம் என்று, சில சமயம் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் பெயரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒரு பிரசாரம் நடமாடுகிறது. விண்வெளிப் பயணத்தில் காற்றையும் கழிவையும் புதுப்பித்து உணவாக்கும் முறைகளுக்காக அமெரிக்கரும் ஐரோப்பியரும் இந்த ஜீவனை ஆராய்ந்தது உண்மைதான். சமானம் என்ற கணக்கு மட்டும் பள்ளிக்கூடத்துப் பையன்கூடப் போட்டுப் பார்க்கக் கூடியது. காய்கறியில் நூற்றுக்கு ஒரு பங்கே புரதம் என்று குறைத்து மதிப்பிட்டாலும் ஆயிரம் கிலோவில் பத்து கிலோ புரதம் ஆயிற்று. ஒரு கிலோ பாசியிலோ அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். வைட்டமின் சி விஷயத்தில் ஒரு கூறு நெல்லிக்காயோடு போட்டியிடும் யோக்யதையும் இந்தப் பொடிக்கு இல்லை.

அளவு போதாதென்றால் அதிகமாகச் சாப்பிடலாமே என்று கேட்கலாம். அங்கே இன்னொரு தடை குறுக்கிடுகிறது. வேகமாகப் பெருகும் நுண்ணுயிர்களில் நியூக்ளிக் அமிலம் மிகுதி. சுருள்பாசியின் உலர் எடையில் அது நூற்றுக்கு நாலைந்து பங்கு. உடலில் அது யூரிக் அமிலமாக முடிவதால், ஐக்கிய நாடுகளின் புரத ஆலோசனைக் குழு இத்தகைய நுண்ணுயிர் உணவுகளின் மூலம் வயது வந்தவர் பெறும் நியூக்ளிக் அமிலம் நாளொன்றுக்கு 2 கிராமைத் தாண்டலாகாது என்று வரம்பு கட்டியது. ஆக, ஐம்பது கிராமுக்கு அப்பால் போவது உசிதமன்று. கீல்வாதத்துக்கு இடம் கொடுக்கும் உடல்வாகு உள்ளவர்கள் அதற்கு வெகுதூரம் முன்னாலேயே நின்றுகொள்ள வேண்டும். சுருள்பாசியை மட்டும் நம்பிப் புரதம் சேர்ப்பது என்ற எண்ணத்தைச் சாஸ்திரமும் பணப்பையும் ஒருசேர மறுக்கின்றன.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தாவர உணவில் கிடைக்காத வைட்டமின் பி-12 சுருள்பாசியில் ஏராளம் என்று அட்டையில் அச்சிடுவது வழக்கம். பழைய பரிசோதனை முறைகள் அதை அப்படித்தான் காட்டின. ஜப்பானிய விஞ்ஞானி வாட்டனபேயும் அவருடன் உழைத்தவர்களும் 1999இல் நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தபோது, அதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு, மனித உடலுக்குப் பயன்படாத போலிப் பி-12 என்று தெரியவந்தது. அதற்கு முன்பே, 1991இல் நெதர்லாந்தில் பி-12 குறைந்திருந்த குழந்தைகளுக்குப் பாசி வகைகளைக் கொடுத்துப் பார்த்த டாக்னெலி என்பவர், இரத்தத்தில் அந்த வைட்டமினின் அளவு ஏறியதுபோல் தோன்றியும், சிவப்பணுக்களின் கோளாறு தீராமல் மோசமாகிக்கொண்டு போனதைப் பதிவு செய்திருந்தார். குறையை நிவர்த்திக்காதது மட்டுமா, பரிசோதனைச் சீட்டில் குறை இல்லை என்று காட்டி ஏமாற்றவும் கூடும். நரம்பு தளர்ந்த பிறகு உண்மை தெரிந்து என்ன பிரயோஜனம்? பாலும் தயிரும் விட்டவர்கள் பி-12க்கு மாத்திரையையோ ஊசியையோ நாட வேண்டுமே தவிர, இந்தப் பச்சைப் பொடியை அல்ல.

இவ்வளவு கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? நன்றாகவே ஒன்று மிஞ்சுகிறது; அது வைட்டமின் ஏ. சரியாக உலர்த்திப் பத்திரப்படுத்திய சுருள்பாசியில் கிராமுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் வரை பீட்டா கரோட்டின் இருக்கும். உடல் இதை வைட்டமின் ஏயாக மாற்றிக்கொள்ளும்போது எவ்வளவு வீணாகிறது என்பதுதான் கேள்வி. பசலை ஜாதிக் கீரையிலுள்ள கரோட்டின் 21 பங்கு சென்றால் ஒரு பங்கு வைட்டமின் ஏ தேறுகிறது, காரட்டில் 15 பங்குக்கு ஒன்று என்று அளந்த அதே ஆராய்ச்சி மரபில், 2008இல் சீன நாட்டு வயது வந்தோரிடம் சுருள்பாசியைக் கொடுத்து அளந்தபோது, நாலரைப் பங்குக்கு ஒரு பங்கு தேறியது. செல்லுலோஸ் சுவருக்குள் சிறைபட்டிருக்கும் கீரையின் சத்துக்கும் அந்தச் சிறை இல்லாத இதன் சத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரிகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு கிராம் நல்ல பொடியிலிருந்து ஏறக்குறைய முந்நூறு மைக்ரோகிராம் வைட்டமின் ஏ. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் தினசரித் தேவையில் அது பெரும்பகுதி. புரதத்தில் எறும்பாக இருந்த அதே கரண்டி இங்கே யானையாகிறது.

இந்த உண்மையை உலகுக்கு முன்பே ஊகித்துச் செயலில் இறங்கியவர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள் என்பதைச் சற்றுப் பெருமையோடுதான் குறிப்பிட வேண்டும். கான்பூர் ஐ.ஐ.டியில் ரசாயனப் பொறியியல் பேராசிரியராக இருந்து, பின் சென்னை தரமணியில் முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய சி. வி. சேஷாத்ரி, விஞ்ஞானம் என்பது கிராமத்துப் பெண்ணின் கைக்கு எட்டும் பொருளாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவர். மேல்நாட்டில் துடுப்புச் சக்கரங்கள் சுழலும் ஏக்கர்க்கணக்கான பாத்திகளில் வளர்த்த பாசியை, அவரும் அவருடைய சகாக்களும் மண்ணில் புதைத்த பானைகளில் வளர்த்துக் காட்டினார்கள்; சாண எரிவாயுக் கலனிலிருந்து வழியும் கரைசலும் கொஞ்சம் சோடா உப்பும் எரு; நாளுக்குச் சில தடவை கையால் கலக்கிவிடுவது வேலை; துணியில் வடிகட்டுவது அறுவடை. பிறகு 1990களின் தொடக்கத்தில், அகில இந்தியத் திட்டம் ஒன்றின்கீழ், புதுக்கோட்டை மாவட்டத்தில் பள்ளி வயதை எட்டாத சுமார் ஐயாயிரம் குழந்தைகளுக்கு நாளைக்கு ஒரு கிராம் வீதம் 150 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் ஏ குறைவால் கண்ணின் வெண்படலத்தில் நுரைபோலத் தோன்றும் பிடாட் புள்ளிகள் வெகுவாக மறைந்தன. மாலைக்கண்ணிலிருந்து நிரந்தரக் குருடு வரை இட்டுச்செல்லும் வழியில் அந்தப் புள்ளி ஓர் ஆரம்ப மைல்கல் ஆகையால், இது அற்பமான பலன் அன்று. ஒப்பிடும் குழுவைச் சரிசமமாக அமைத்து இன்னும் கடுமையாகச் சோதித்திருக்கலாமே என்ற மனக்குறை எனக்கு உண்டு. ஆனாலும் கரோட்டின் கணக்கும் கண் கண்ட பலனும் ஒன்றுக்கொன்று பொருந்துவதால் நம்புவதற்குத் தடையில்லை. அதே மாவட்டத்தில் ஊனையூரில், நல்ல வெயிலையும் பரந்த நிலத்தையும் நம்பி, ஏற்றுமதிக்காகப் பெரிய சுருள்பாசிப் பண்ணை ஒன்று பிற்காலத்தில் தோன்றியது. அதன் சரக்கு கடல் கடந்து போகிறது.

கேரளத்தில் நடந்த பரிசோதனை இன்னும் சுவாரஸ்யமானது. புகையிலையோடு வெற்றிலை போடுகிறவர்களுடைய வாயில் உண்டாகும் வெண்திட்டுகள் பின்னாளில் புற்றுநோயாக மாறக் கூடியவை. 1995இல் வெளியான ஆய்வில், அத்தகையவர்களுக்கு ஒரு வருஷம் தினம் ஒரு கிராம் சுருள்பாசி கொடுத்ததில், 44 பேரில் 20 பேருக்குத் திட்டு முழுவதும் மறைந்தது; வெற்று மாத்திரை உண்ட 43 பேரில் 3 பேருக்கே அப்படி நேர்ந்தது. விளம்பரக்காரர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆய்வாளர்கள் நேர்மையாக மேலே எழுதியிருக்கிறார்கள்: மருந்தை நிறுத்திய ஒரு வருஷத்துக்குள் குணமான 20 பேரில் 9 பேருக்குத் திட்டு திரும்ப வந்துவிட்டது, இரத்தத்தில் வைட்டமின் ஏயின் அளவும் உயரவில்லை. அப்படியானால் எதனால் மறைந்தது என்ற கேள்வி திறந்தபடியே நிற்கிறது. புகையிலையை நிறுத்துவதைவிடச் சிறந்த பரிகாரம் இருப்பதாக அந்த ஆய்வும் சொல்லவில்லை.

நோஞ்சான் குழந்தைகளைத் தேற்றும் விஷயத்தில் ஆப்பிரிக்காவின் புர்க்கினா ஃபாஸோ தேசத்திலிருந்து ஒன்றுக்கொன்று முரணான இரண்டு சாட்சியங்கள் வந்திருக்கின்றன. 2003இல் பிராஞ்சே என்பவரின் குழு, கடுமையாக மெலிந்த 182 குழந்தைகளுக்கு வழக்கமான போஷாக்குக் கஞ்சியோடு சிலருக்கு ஐந்து கிராம் சுருள்பாசியும் சேர்த்து மூன்று மாதம் கொடுத்ததில், பாசி தின்ற குழந்தைகள் தின்னாதவர்களைவிடத் தனியாகத் தேறவில்லை என்று கண்டது. 2006இல் ஸிம்போரே முதலானோர் 550 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு, கம்பும் சோயாவும் நிலக்கடலையும் கலந்த உள்ளூர் மாவோடு சுருள்பாசியைச் சேர்த்தபோதுதான் எடை நன்றாக ஏறியது என்றது. இரண்டையும் சேர்த்து வாசிக்கிறவனுக்குப் புலப்படுவது கோபாலன் அன்று சொன்னதேதான்: தேற்றுவது கஞ்சி, பாசி அதற்குத் தொடுகறி.

பெரியவர்களின் வியாதிகளைப் பற்றிய ஆய்வுகளை விரைந்து கடந்துவிடலாம். கொலஸ்டிரால் குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. 2016இல் ஏழு பரிசோதனைகளை ஒன்றுகூட்டிப் பார்த்த ஒரு மதிப்பீடு, மொத்தக் கொலஸ்டிரால் சராசரி 47 மில்லிகிராம் அளவுக்கு இறங்குவதாகக் கணக்கிட்டது. வைத்தியர் எழுதித் தரும் மருந்துக்கே சவால் விடும் இந்தத் தொகை, அதன் பெரிய அளவினாலேயே எனக்குச் சந்தேகத்தை எழுப்புகிறது. ஒவ்வொரு பரிசோதனையிலும் இருந்தவர்கள் சில பத்துப் பேர்தான். பரோடாவில் 2001இல் 25 நீரிழிவு நோயாளிகளிடம் தினம் இரண்டு கிராம் வீதம் இரண்டு மாதம் சோதித்துச் சர்க்கரை சற்றுக் குறைந்தது என்றார்கள். துருக்கியில் ஒவ்வாமையால் வரும் தும்மலும் மூக்கடைப்பும் குறைந்ததாக 2008இல் ஓர் அறிக்கை வந்தது. வங்காளதேசத்தில் ஆழ்குழாய்க் கிணற்று நீரால் ஆர்ஸெனிக் நஞ்சேறிய 41 பேரிடம் சுருள்பாசிச் சாரத்தையும் துத்தநாகத்தையும் கொடுத்துப் பார்த்து நற்பலன் கண்டதாக 2006இல் எழுதினார்கள். இவற்றில் ஒன்றையும் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒன்றையும் நம்பி வைத்தியரின் மருந்தை நிறுத்துவதோ அசட்டுத் துணிச்சல். பாசிக்கு நீலம் கொடுக்கும் ஃபைகோஸையனின் என்ற நிறமி அழற்சியைத் தணிக்கிறது என்று சோதனைக் குழாயில் கண்டதைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த நிறமியின் நிச்சயமான உபயோகம் வேறிடத்தில் இருக்கிறது: 2013இல் அமெரிக்க உணவு இலாகா மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் இயற்கையான நீலச் சாயமாக இந்தச் சாரத்தை அனுமதித்தது.

தீங்கு என்று பேசினால், சுத்தமான சுருள்பாசி உணவளவில் பெரும்பாலோருக்குத் தீங்கற்றது. நூற்றாண்டுகளாக உண்டுவந்த மக்களே சாட்சி. பயம் அதன் கூட்டாளிகளிடமிருந்து வருகிறது. நீலப்பச்சை வகுப்பில் ஈரலைக் கெடுக்கும் மைக்ரோஸிஸ்டின் நஞ்சைச் சுரக்கும் இனங்களும் உண்டு. இயற்கை ஏரியில் எது எதோடு கலந்து மிதக்கிறது என்பதை அள்ளுகிறவன் அறிய மாட்டான். அமெரிக்காவில் அப்பர் க்ளாமத் ஏரியிலிருந்து அள்ளி விற்கப்பட்ட வேறொரு நீலப்பாசியின் 87 மாதிரிகளை ஓரிகன் மாகாணத்தார் சோதித்தபோது 85இல் அந்த நஞ்சு இருந்தது. கிராமுக்கு ஒரு மைக்ரோகிராம் என்ற வரம்பை அவர்கள் 1997இல் விதித்ததற்கு அந்த ஏரியே காரணம். சுருள்பாசி விரும்பும் கார நீரில் மற்றவை எளிதில் புகாது என்றாலும், தொட்டியின் காரம் தளர்ந்தால் அந்தக் காவலும் தளரும். பாசி நீரிலுள்ள ஈயத்தையும் பாதரசத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது ஆகையால் எந்த நீரில் வளர்ந்தது என்று கேட்காமல் வாங்குவது புத்திசாலித்தனமன்று. ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு இது கூடவே கூடாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் வியாதி உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்கிறவர்களும், கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்டுவிட்டே தொட வேண்டும்.

இனி வளர்க்கும் இடத்துக்கு வருவோம். நம் ஊர்களில் சிமெண்டுத் தொட்டியில் உவர்நீரும் சோடா உப்பும் ரசாயன எருவும் கலந்து, தாய்ப்பாசி விட்டு, நாளெல்லாம் துடைப்பத்தாலோ மோட்டாராலோ கலக்கி வளர்க்கிறார்கள். முப்பது டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் வெயிலும் வேண்டுமாகையால் நம் சீதோஷ்ணம் ஏற்றது. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து கிராம் உலர்பொடி கிடைத்தால் நல்ல மகசூல். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து உணவு உண்டாகிறது என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். சோடா உப்பும் எருவும் விலைகொடுத்து வாங்கியவையே, மழைநாளில் தொட்டியும் விளையாது. துணியில் வடித்துப் பிழிந்த பச்சை மாவை, முறுக்கு அச்சிலோ இடியாப்ப உழக்கிலோ இட்டு மெல்லிய இழைகளாகப் பிழிந்து உலர்த்துவது சிறு வளர்ப்பாளர்களின் யுக்தி. நேர் வெயிலில் காய்ந்தால் கரோட்டின் பறந்துவிடும். நிழலான உலர்த்தும் அறையே உத்தமம். பொடியான பிறகும் வெளிச்சமும் காற்றும் அதைத் தின்றுகொண்டேயிருக்கும் என்பதால், கண்ணாடிச் சீசாவில் அலமாரியில் அழகுக்காக வைத்திருப்பது, எதற்காக வாங்கினோமோ அதையே இழக்கும் வழி. இந்தப் பொடியின் உண்மையான மதிப்பு பச்சை நிறத்துக்குள் மறைந்திருக்கும் கரோட்டினின் ஆரஞ்சு நிறத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

உண்ணும் முறையை மாத்திரைக்காரர்களிடம் கேட்பதைவிடச் சாட் ஏரிக்கரையில் கேட்பது மேல். அங்கே திஹேயைத் தனியாக யாரும் தின்பதில்லை. அடையை உடைத்து நீரில் கரைத்து, தக்காளியும் மிளகாயும் உப்பும் சேர்த்துக் கொதிக்கவைத்து, மீனோ இறைச்சியோ கிடைத்தால் அதையும் போட்டுக் குழம்பாக்கி, கம்புக் களியின் மேல் ஊற்றிக்கொள்கிறார்கள். 1970களில் அளந்து பார்த்தவர்களின் கணக்குப்படி ஒரு வேளைக்கு ஒருவர் பங்கு ஒன்பது முதல் பதின்மூன்று கிராம். பத்து வேளைச் சாப்பாட்டில் அந்தக் குழம்பு தட்டில் விழுவது ஒரு வேளை முதல் ஆறு வேளை வரை. மிச்ச வேளைகளில் வேறு குழம்பு.